வழியில் என்ன தண்ணீர்

வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் பார்ப்பது என் தொழில். பட்டம் எடுத்த ஆள் செய்கிற வேலையா இது என்று கேட்பவர்களுக்கு, பட்டம் இதுவரை என் வேலைக்கு ஒரு இடைஞ்சலும் செய்ததில்லை என்று பதில் சொல்வேன். மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை, அது போய் விழும் வயற்பக்கம் படுவான்கரை. இரண்டிலும் என் செருப்புத் தேய்ந்திருக்கிறது. எந்த வளவில் நாய் கட்டியிருக்கிறது, எந்த வளவில் கட்டியிருப்பதாகச் சொல்லிவிட்டு அவிழ்த்து விட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் என் கால்களுக்குத் தெரியும். வலது காலில் அதற்கு அத்தாட்சியும் உண்டு.

இப்படி நாள் முழுக்க நடக்கிறவனுக்கு, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரை ஒரு கற்பனைக் காட்டுக்குள்ளால் நடத்திக்கொண்டு போகத் தெரியவில்லை.

அந்த விளையாட்டைக் கொண்டுவந்தவன் காத்தான்குடியான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேர். ஊர்தான் எங்களுக்குப் பட்டப்பெயர். மண்டூர்க்காரி இப்போது கணித ரீச்சர், அவள் வீட்டாருக்குப் படுவான்கரையில் வயல். பெரியகல்லாற்றில் இருந்து வந்தவன் கல்லாற்றான். பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுத் தகப்பனின் தோணியில் ஏறிவிட்டான். எனக்கு மட்டும் ஊர் தராமல் 'மீற்றர்' என்றே கூப்பிட்டார்கள்.

காத்தான்குடியான் கட்டாருக்குப் போய் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தான். அங்கே ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்காரன் ஒருவன் அவனுக்கு இந்த விளையாட்டைப் பழக்கியிருக்கிறான். ஒருவர் ஒரு உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இறங்கி, இதைச் செய்கிறேன் அதைச் செய்கிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டிப் பார்ப்பது. கூடிய எண் விழுந்தால் நடக்கும். வெற்றி தோல்வி என்று ஒன்றும் கிடையாது. நெல்லிக்காய் அளவில், இருபது முகம் வைத்து, பச்சையாக மினுங்கும் அந்தப் பகடையை அவன் பெட்டிக்குள் கண்ட அவனுடைய மனைவி, மாணிக்கக்கல் என்று நினைத்து இரண்டு நாள் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தாராம்.

அவன் வேலை முடிந்து வந்தவன் அல்ல. அங்கே செய்த மருத்துவச் சோதனையில் இரண்டு சிறுநீரகமும் பழுது என்று தெரிந்து அனுப்பிவிட்டார்கள். சொக்கலேற், ஒரு கம்பளி, பகடை, அந்தச் செய்தி, நாலையும் கொண்டு வந்து இறங்கினான். அதற்குப் பிறகு கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரியில் டயலிசிஸ். மற்ற நாட்களில் கட்டில். வெயிலில் நடந்தால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் குடிக்கக்கூடாது என்பதால் வெளியே போவதையே விட்டுவிட்டான்.

"நீ நடத்து மச்சான்," என்றான் என்னிடம். "பொய் சொல்ல உனக்குத்தான் நல்லா வரும்."

"நான் எப்ப பொய் சொன்னன்?"

"இந்தா, இப்ப ஒண்டு."

சனிக்கிழமைகளில், பின்னேரம் அசர் தொழுகை முடிந்த பிறகு அவனுடைய அறையில் கூடுவோம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, எங்களுக்கு மூன்று கதிரை. மண்டூர்க்காரி ஒரு திருடியாக இறங்கினாள். பிள்ளைகளுக்கு முன்னால் செய்ய முடியாததையெல்லாம் அங்கே செய்தாள். கல்லாற்றான் நீந்தத் தெரியாத ஒரு மாவீரன். காத்தான்குடியான் ஓர் ஒட்டகக்காரன். கட்டாரில் அவன் ஒட்டகத்தைக் கண்டதெல்லாம் பஸ் யன்னலுக்குள்ளால்தான்.

சண்டை வந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். ஊர் ஒன்று வந்தால் அதில் நாலு வாயாடிகளை விட்டால் போதும், பொழுது போய்விடும். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த வழிதான் என்னைக் கொன்றது. முதல் சனிக்கிழமை, "காட்டுக்குள்ள போறீங்க. ஒரு நாள் நடக்கிறீங்க. அடுத்த நாளும் நடக்கிறீங்க. இந்தா மலை வந்திட்டு," என்றேன்.

"கட்டாருக்குப் போன மாதிரியே இரிக்கி," என்றான் காத்தான்குடியான். "ஏறினன், நித்திர கொண்டன், இறங்கினன். நடுவில ஒரு நாட்டையும் நான் காணல்ல."

எனக்கு ரோசம் வந்தது. அடுத்த கிழமை அடிக்கு ஒரு மிருகம் விட்டேன். கரடி, பாம்பு, மூன்று தலை ஓநாய். "இது காடா, பஸ் ஸ்ராண்டா?" என்று கல்லாற்றான் கேட்டான். அதற்கடுத்த கிழமை மரங்களைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு வர்ணனை எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். மூங்கில்கள் ஒன்றையொன்று தழுவி நின்றன. தலையை நிமிர்த்திப் பார்த்தால் மண்டூர்க்காரி மேசைக்குக் கீழே வைத்துப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு வழியை இரண்டாகப் பிரித்துவிட்டு, "இடமா, வலமா?" என்று கேட்டேன்.

"இடத்தால போனா என்ன?" என்றான் காத்தான்குடியான்.

"அது போனாத்தான் தெரியும்."

"வலத்தால?"

"அதுவும் அப்படித்தான்."

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாட்டி அது வழி இல்ல மச்சான். லொத்தர்."

அவன் சொன்னது சரி. நான் ஒரு வீட்டுப் படலையில் கை வைக்கும்போது ஒன்றுமே தெரியாமல் வைப்பதில்லை. மணலில் நாயின் கால் தடம் இருக்கும், மாமரத்தடியில் கவிழ்த்த சோற்றுக்கோப்பை கிடக்கும், சங்கிலி மட்டும் தனியே கிடக்கும். நாயை இன்னும் காணவில்லை. உள்ளே போவதா, வெளியில் நின்று கூப்பிடுவதா என்பது அங்கேதான் ஒரு கேள்வியாகிறது. தினமும் அந்தக் கேள்விக்குள்ளேயே சீவிக்கிற எனக்கு, மேசையில் வைக்க ஒரு சங்கிலி கிடைக்கவில்லை.

ஒரு நாள் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பெருமையோடு போனேன்.

"இண்டைக்கு இருந்து புதுச் சட்டம்," என்றேன். "ஆளுக்கு ஒரு தோல்பை தண்ணிதான். வழியில அதை அளந்து அளந்துதான் குடிக்க வேணும். முடிஞ்சா மயக்கம். மறுகா சாவு."

அந்த நேரம் பார்த்து அவனுடைய மனைவி தேத்தண்ணித் தட்டோடு அறைக்குள் வந்தார். தட்டில் எங்களுக்கு மூன்று கோப்பை. பக்கத்தில் அவனுக்கு ஒரு சின்னக் கிளாசில் இரண்டு ஐஸ் கட்டி. அதைத்தான் அவன் ஒவ்வொன்றாக வாயில் போட்டு, கரைய விடாமல் பேசிப் பேசி வைத்திருப்பான். காலையில் ஒரு போத்தலில் அளந்து வைக்கும் தண்ணீர்தான் அவனுக்கு அன்றைக்கு முழுவதும். ஐஸும் அதற்குள் அடக்கம். அளப்பவர் அவர்தான். தட்டை வைத்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். என் சட்டம் மேசை நடுவில் செத்த எலி மாதிரிக் கிடந்தது. கல்லாற்றான் யன்னலைப் பார்த்தான். மண்டூர்க்காரி என் காலை மிதித்தாள், அதுவும் நாய் கடித்த காலை.

காத்தான்குடியான் சிரிக்கத் தொடங்கினான். "ஏன்டா எல்லாரும் மௌத்து வீடு மாதிரி இரிக்கிங்க? வைடா அந்தச் சட்டத்த. இந்த மேசையில தண்ணி விசயத்துல படிச்ச ஆள் நான்தானே."

அன்றைக்குத்தான் வழி வழியானது. தண்ணீரை அளக்கத் தொடங்கியதும், குறுக்கால போகிற வறண்ட பாதைக்கும் சுற்றிப் போகிற ஓடைப் பாதைக்கும் வித்தியாசம் வந்துவிட்டது. தூரத்தில் கொக்குப் பறந்தால் மூன்று பேரும் எழும்பி உட்கார்ந்தார்கள். வாடிய புல்லும் பச்சைப் புல்லும் செய்தியாகின. ஓடை ஒன்று வந்தால் மற்ற இருவரும் பையை நிரப்புவார்கள். ஒட்டகக்காரன் நிரப்ப மாட்டான்.

"குப்புறப் படுத்துக் குடிக்கன்," என்பான் காத்தான்குடியான்.

"சரி, குடிச்சிட்டாய்."

"இன்னும் குடிக்கன்." கிளாசில் இருந்த ஐஸைத் தொடாமல், கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். "என்ன தண்ணி அது?"

"என்ன தண்ணியா? தண்ணிதான்."

"தண்ணிதான் என்டு ஒரு தண்ணி இல்ல மச்சான். மாசக்கணக்கா நான் அதப்பத்தி மட்டும்தான் யோசிக்கன். எனக்குத் தெரியும். என்ன தண்ணி, சொல்லு."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வயது தாண்டிய மனிதன், பிறந்ததில் இருந்து குடிக்கிறேன், ஒரு வாய் தண்ணீரைப் பற்றி ஒரு வசனம் சொல்ல வரவில்லை. "குளிர்" என்றேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

திங்கட்கிழமை தொடங்கி, மீற்றர் பார்க்கப் போகும் வீடுகளிலெல்லாம் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். குடித்துவிட்டு நின்று யோசிப்பேன். என்ன தம்பி, தண்ணியில ஏதும் கிடக்கா என்று ஆட்கள் பயந்தார்கள். கல்லாற்றுப் பக்கம் தென்னைக்கு நடுவில் இருக்கும் கிணற்றுத் தண்ணீரில் கடைசியாக ஒரு மெல்லிய இனிப்பு வரும். வந்தாறுமூலைக் குழாய் நாக்கில் துருப்பிடித்த ஆணியை வைக்கும். தகரக் கூரையால் பிடித்த மழைத் தண்ணீருக்கு ஒரு ருசியும் இல்லை என்று நினைத்தேன்; மூன்றாம் மிடறில் புகை மணத்தது. மண்டூரில் ஒரு வீட்டு மண்பானைத் தண்ணீர், முதல் மழை விழுந்த முற்றத்தைக் குடிப்பதைப் போல இருந்தது. வயல் வட்டைக்குப் போகும் வாய்க்காலிலும் ஒரு கை அள்ளிப் பார்த்தேன்.

அது கூடாத வேலை. மூன்று நாள் வயிற்றால் போனது.

அந்தச் சனிக்கிழமை வாடிய கீரைத்தண்டாகப் போய் உட்கார்ந்து விசயத்தைச் சொன்னேன். காத்தான்குடியான் சிரித்த சிரிப்பில் அவனுடைய மனைவி குசினியில் இருந்து ஓடி வந்தார். "எனக்குப் போகுதில்ல, உனக்கு நிக்குதில்ல," என்று திணறித் திணறிச் சொன்னான். "ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு நல்ல மனிசன் வருவான்டா." பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "வாய்க்கால் தண்ணி எப்படி இருந்திச்சி?"

"தவளை குளிச்ச தண்ணி."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று கண்ணை மூடினான். "ஒட்டகக்காரன் ரெண்டு கை அள்ளிக் குடிக்கான்."

நான் எல்லாவற்றையும் அந்த வழியில் கொண்டுபோய் வைத்தேன். புகை மணக்கும் ஓடை, ஆணி ருசிக்கும் சுனை, தென்னங்கிணறு. அவன் ஒன்றையும் விடவில்லை. ஓம், இது சரி என்பான். இல்ல, இதுல நீ பாதி ஏமாத்தியிரிக்காய் என்பான். ஏமாற்றியிருந்தால் திரும்பப் போய்க் குடித்துவிட்டு வருவேன்.

அந்தக் கற்பனை நாட்டுக்கு வரைபடம் கீறியபோது எனக்கு வேறு இடம் தெரியாததால் எங்கள் வாவியையே தலைகீழாகக் கீறியிருந்தேன். கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். மண்டூர்க்காரி தாளைத் திருப்பிப் பிடித்து, "இது எங்கட வயல்தானே?" என்றாள்.

வழியின் முடிவில் ஓர் ஆற்றுவாய். எங்கள் பக்கத்தில் வாவி கடலோடு சேரும் இடத்தைக் கடல் மணலால் மூடிவிடும். மாரி பெய்து வாவி பெருகினால், தண்ணீர் போக வழியில்லாமல் படுவான்கரை வயல்களில் ஏறும். மணலை வெட்டி விடுங்கள் என்று வயல்காரர் கேட்பார்கள். நேரத்தோடு வெட்டினால் இறாலும் மீனும் கடலுக்கு இறங்கிவிடும், பொறுங்கள் என்று மீன்காரர் சொல்வார்கள். ஒவ்வொரு மாரிக்கும் இந்தச் சண்டை இருக்கிறது. அதையே தூக்கி அந்த நாட்டில் வைத்திருந்தேன். மூடிய ஆற்றுவாய், மூழ்கும் ஊர்கள், அதை வெட்டுவதா விடுவதா என்று போய்ப் பார்க்கப் புறப்பட்ட மூவர். மண்வெட்டி ஒட்டகக்காரனிடம்.

"வெட்டத்தான் வேணும்," என்றாள் திருடி.

"நீ வெட்டுவாய். ஆத்துல கிடக்கிற இறாலுக்கு யாரு பதில் சொல்லுற?" என்றான் மாவீரன்.

"நெல்லு அழுகினா நீ என்னத்தோட இறால் தின்னுவாய்?"

"எங்க ஐயா சொல்லுவார், வயல்காரனுக்குத் தண்ணி இல்லாட்டியும் அழுகை, இரிந்தாலும் அழுகை."

"உங்க ஐயாட்ட சொல்லு, போன வரியம் எங்க வரம்புல தோணி விட்டு மீன் பிடிச்சது ஆர் என்டு!"

அது விளையாட்டு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. காத்தான்குடியான் தலையணையில் சாய்ந்து, கல்யாண வீடு பார்ப்பவன் போல் பார்த்துக்கொண்டிருந்தான். "சண்டை பிடிங்க, சண்டை பிடிங்க. மண்வெட்டி எங்கிட்டதானே இரிக்கி. நான் இன்னும் முடிவெடுக்கல்ல." பிறகு தன் வீங்கிய முகத்தைத் தடவிக்கொண்டு சொன்னான்: "எனக்கும் ஆத்துவாய் மூடிட்டு. ஆஸ்பத்திரியில கிழமைக்கு மூணு தரம் வெட்டுறானுகள், கடல் திரும்பத் திரும்ப மூடுது."

அவனுடைய தம்பி கொடுக்க இருந்த சிறுநீரகம் பொருந்தாது என்று அந்த மாதம்தான் சொல்லியிருந்தார்கள். வேறு ஆள் இல்லை. அவன் அதைத் தனியாகச் சொல்லவில்லை. மண்டூர்க்காரி கேட்டபோது, "அவன்ட கிட்னிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை சரிவரல்ல," என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு நான் வழியை நீட்டத் தொடங்கினேன். ஆற்றுவாய்க்கு ஒரு நாள் நடை இருக்கும்போது பாலம் உடைந்தது. சுற்றிப் போகும்போது ஒரு கிராமம். கிராமத்தில் ஒரு கிழவருடைய ஆடு காணாமல் போயிருந்தது. தேடிக் கொடுத்துவிட்டு நடந்தால் அடுத்த கிராமத்திலும் ஓர் ஆடு. அந்த ஆடுகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு பட்டி கட்டியிருக்கலாம். நாங்கள் போய்ச் சேராத வரைக்கும் அடுத்த சனிக்கிழமை ஒன்று இருக்கும் என்பது என் கணக்கு. கணித ரீச்சருக்கும் அது விளங்கியது, அவளும் சேர்ந்து ஆடு தேடினாள்.

"நீ வழிய நீட்டுறாய்," என்றான் காத்தான்குடியான்.

"ஆடு காணாமப் போனா தேட வேணாமாடா?"

"இது எத்தினையாவது ஆடு?" அவனுக்குக் கோபம் இல்லை. களைப்புத்தான். "வழி நல்லா இரிந்திச்சி மச்சான். உண்மையாத்தான் சொல்லுறன். இப்ப கொண்டு போய்ச் சேரு."

அடுத்த சனிக்கிழமை நல்ல மழை. கல்லாற்றான் நனைந்த கோழியாக வந்தான். காத்தான்குடியானுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. எங்களைக் கண்டதும் போர்வையை விலக்கி, முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் ஊன்றி அழுத்தி எடுத்தான். குழி விழுந்தது, மூடவில்லை.

"இஞ்ச பாருங்க, பூவல் தோண்டியிரிக்கன்," என்றான். "தண்ணிதான் மேல வருதில்ல."

கடற்கரை மணலில் கையால் தோண்டும் குழியைத்தான் பூவல் என்போம். உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே அதில் நல்ல தண்ணீர் ஊறும். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவன் அதற்காக எங்களைத் திட்டினான், இவ்வளவு நல்ல பகிடி வீணாகப் போகிறது என்று.

நான் அவர்களை ஆற்றுவாயில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு பக்கம் கலங்கிய வாவி, மறுபக்கம் கடல், நடுவில் மணல். மூன்று பேருடைய தோல்பையும் காலி. வாவித் தண்ணீர் சவர், கடல் உப்பு. இத்தனை கிழமையும் குடித்துக் குடித்து வந்தவனைக் கடைசியில் குடிக்க ஒன்றுமில்லாத இடத்தில் நிறுத்தியிருக்கிறேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. திருடியும் மாவீரனும் வழக்கம் போல் தொடங்கினார்கள், வெட்டு, வெட்டாதே என்று.

"மண்வெட்டியக் கீழ வைக்கன்," என்றான் காத்தான்குடியான்.

நாங்கள் மூவரும் அவனைப் பார்த்தோம்.

"கையால தோண்டுறன். பூவல்."

அந்த நாட்டை உண்டாக்கினவன் நான். அங்கே இருக்கிற ஒவ்வொரு தண்ணீரையும் குடித்துப் பார்த்து வைத்தவன் நான். அந்த மணலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்திருக்கவில்லை. அவனாகவே தேடிப் பிடித்த ஒரே இடம் அது. "ஓம், தண்ணி வருது," என்றேன்.

"பகடை?"

"வேணாம்டா. வருது."

"சும்மா தராத. சும்மா தந்தா அது சதகா, தருமம்." கையை நீட்டினான். "எத்தின விழ வேணும்?"

"மூணுக்கு மேல."

"இருபது முகத்தில மூணுக்கு மேலயா? இதவிட நீ சும்மாவே குடுக்கலாம்," என்றாள் மண்டூர்க்காரி. அவளுடைய குரல் சரியில்லை.

"பத்துக்கு மேல," என்றான் அவன். "நேர் பாதி. அவன் தந்தா குடிப்பம்." 'அவன்' என்று சொன்னது என்னை அல்ல.

பகடையை இரண்டு கையாலும் பொத்திக் குலுக்கி விட்டான். விரலில் பலம் இல்லை. அது மேசை விளிம்பில் பட்டுத் துள்ளி, சீமெந்துத் தரையில் டக் டக் என்று ஓடி, அலுமாரிக்குக் கீழே போய் நின்றது. கல்லாற்றான் வயிறு நிலத்தில் படப் படுத்து, போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தான். ஒற்றைச் செருப்பும் ஒரு பேரீச்சங்கொட்டையும் அகப்பட்டன. அலுமாரியை நகர்த்துவோம் என்று எழும்பும்போது அந்தி மஃரிப் பாங்கு கேட்டது.

"கிடக்கட்டும்," என்றான் காத்தான்குடியான். "விழுந்தது விழுந்ததுதான், அது அங்கேயே இரிக்கும். வாற சனிக்கிழமை பாப்பம்."

புதன்கிழமை நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டி மூச்சு எடுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வியாழக்கிழமை காலையில் மௌத்தாகிவிட்டான்.

மண்டூர்க்காரி வீட்டுக்குள் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். கல்லாற்றானும் நானும் ஜனாஸாவுக்குப் பின்னால் மையவாடிக்கு நடந்தோம். எல்லோரும் மண் போட்டபோது எங்களையும் ஒருவர் கையைப் பிடித்து முன்னால் விட்டார். கடல் மண். மாரியாக இருந்ததால் குழியின் அடியில் ஈரமாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். கல்லாற்றானும் பார்த்தான். திரும்பி வரும் வழியில் நான் வழக்கம்போல ஏதாவது பகிடி சொல்லுவேன் என்று அவன் காத்துக்கொண்டு வந்தான் போலிருக்கிறது. பிரதான வீதி வந்ததும், "சரி, பேசாம நட," என்றான்.

காத்தான்குடியானின் மனைவி இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் வெளி ஆண்களைப் பார்க்காமல் வீட்டுக்குள் இருக்கும் அந்தக் காலம் முடியும் வரை நான் அந்த வீட்டு மீற்றரைக்கூட எட்ட நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவேன். அந்த வீட்டில் நாய் இல்லை. ஆனாலும் படலையில் கை வைக்கப் பயமாக இருந்தது.

முடிந்த பிறகு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். அவனுடைய உம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மனைவி வாசல் திரைக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டினார். உள்ளங்கையில் பச்சைப் பகடை.

"அலுமாரிய நகத்திக் கூட்டக்குள்ள கிடந்திச்சி அண்ணன். எடுத்துக் கையில பொத்தினத்துக்குப் பொறகுதான் நினைவு வந்திச்சி, எந்தப் பக்கம் மேல இரிந்திச்சி என்டு பாக்கல்லயே என்டு." பகடையை என் கையில் போட்டார். "அண்டு பூராவும் அதையே நினைச்சி அழுதன்."

"பரவால்ல தங்கச்சி."

"ஒவ்வொரு சனிக்கிழமையும் குசினியில நிண்டு கேட்டுக்கிட்டுத்தான் இரிந்தன். காலையில அளந்து வைக்கிறதும் நான். இன்னும் ஒரு வாய் தாடி என்டு கேக்கக்குள்ள இல்ல என்கிறதும் நான். பின்னேரம் உங்கட கதையில அவரு குடிக்கக்குள்ள எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இரிக்கும்." திரை அசைந்தது. "தண்ணி வந்திச்சா அண்ணன்?"

பொய் சொல்ல எனக்குத்தான் நல்லா வரும் என்று சொன்னவன் அவன். பத்துக்கு மேலா கீழா என்று அல்லாஹ்வுக்கும் அந்த அலுமாரிக்கும்தான் தெரியும். ஆனால் அந்த மணலை எனக்குத் தெரியும். அதைத் தோண்டினால் தண்ணீர் வரும் என்பதை அவன் எனக்குச் சொல்லித் தந்துவிட்டான்.

"வந்திச்சு தங்கச்சி," என்றேன்.

"என்ன தண்ணி?"

அவனைப் போலவேதான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். தென்னங்கிணறு, மண்பானை, தகரக் கூரை எல்லாம் நாக்கில் வந்து நின்றன. ஒன்றைச் சொல்லியிருக்கலாம். பாதி ஏமாத்தியிரிக்காய் என்று அவன் சொல்வது காதில் கேட்டது.

"இன்னும் குடிச்சுப் பாக்கல்ல தங்கச்சி."

"பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றார். திரைக்குப் பின்னால் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவனுடைய உம்மா என்னைப் பார்த்து, இதற்குத்தானா கூப்பிட்டது என்பது போல் முழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கல்லாற்றானின் தோணியில் ஆற்றுவாய்க்குப் போனோம். மாரியில் வெட்டியிருந்ததைக் கடல் திரும்ப மூடியிருந்தது. வெட்டின இடம் எது என்று தெரியவில்லை. இந்த முறை வெட்டினது பிந்திப் போச்சு என்று மண்டூர்க்காரி சொல்லவில்லை, முந்திப் போச்சு என்று கல்லாற்றானும் சொல்லவில்லை. நான் மண்வெட்டி கொண்டு போயிருந்தேன். மண்டூர்க்காரி அதை என் கையில் இருந்து வாங்கித் தோணிக்குள் போட்டுவிட்டு முழங்காலில் உட்கார்ந்தாள். கையால் தோண்டினோம். முழங்கை ஆழத்தில் மணல் கறுத்து, ஓரமெல்லாம் சரிந்து விழுந்தது. முதலில் ஊறியது கலங்கல். அதை இறைத்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். இரண்டாம் தரமும் கலங்கல். மூன்றாம் தரம், அடியில் மணல் தெரிந்தது.

குப்புறப் படுத்துக் குடித்தேன். மீற்றர் பார்க்கும் மனிதன், பட்டதாரி, சேட்டுப் பையில் பகடை, மூக்கு முழுக்க மண்.

முதலில் பல்லில் மணல் கடிபட்டது. வெயில் பட்ட வெதுவெதுப்பு மேலே, அடியில் இருந்து வந்த மிடறு குளிர். நாக்கின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உப்பு. விழுங்கிய பிறகு, கன நேரம் கழித்து, இனிப்பு.

"என்ன தண்ணி?" என்று கேட்டாள் மண்டூர்க்காரி.

சொன்னேன்.

"அந்தப் பிள்ளைக்கு உப்பைச் சொல்லத்தான் வேணுமா? இனிப்பை மட்டும் சொல்லன்."

"அவன் ஏத்துக்கொள்ள மாட்டான்," என்றான் கல்லாற்றான்.

பிறகு தோணியில் கிடந்த போத்தலைக் கழுவி எடுத்து வந்தான். பூவல் ஊற ஊற உள்ளங்கையால் அள்ளி அதற்குள் ஊற்றினான். ஒரு கைக்கு மேல் ஒரு நேரத்தில் வரவில்லை. மிகவும் சுணங்கியது. ஒருவரும் அவனை அவசரப்படுத்தவில்லை.